இயற்கை என்னும் குருவுக்கு என்ன தட்சிணை?

காலை ஒன்பது மணி. கரியா பக்கத்திலிருந்து நகருக்குள் வரும் மெட்ரோ ரயிலில் கால் வைக்க இடமில்லை. சாப்பாட்டு டப்பாவும் தோள்பையுமாக ஆபீசுக்கு விரையும் கூட்டத்தில் தமிழ்க் குரலும் அங்கங்கே கேட்கிறது. டாலிகஞ்சை நெருங்கும் வரை அந்த ரயில் தரையிலிருந்து உயரே, தூண்களின் மேல் ஓடுகிறது. ஜன்னல் வழியே குனிந்து பார்த்தால் தூண்களின் காலடியில் கறுப்பாக ஒரு வாய்க்கால் தெரியும். நகர்கிறதா, நிற்கிறதா என்று சொல்ல முடியாத நீர். மேலே குப்பை, கரையில் துர்நாற்றம். பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

அந்த வாய்க்கால்தான் டாலி நாலா. அதன் பழைய பெயர் ஆதி கங்கை. ஒரு காலத்தில் கங்கையின் பிரதான ஓட்டமே இந்த வழியாகத்தான் கடலுக்குச் சென்றது. காளிகட்டத்துக் காளி கோயில் இதன் கரையில்தான் இருக்கிறது. கங்கா ஸ்நானம் என்று சொல்லி மூதாதையர் மூழ்கிய அதே நீரில் இன்று கை நனைக்கக்கூட யாரும் துணிய மாட்டார்கள்.

இதே கல்கத்தாவின் கிழக்கு எல்லையில் இன்னொரு நீர் இருக்கிறது. அதுவும் சாக்கடை நீர்தான். ஆனால் அங்கே அது மீனாகிறது, காய்கறியாகிறது, சுத்தமாகி நதியில் சேர்கிறது. ஒரே ஊர், ஒரே மக்கள், ஒரே கழிவு. மேற்கே அது நரகம். கிழக்கே அது அன்னம். இந்த வித்தியாசம் எப்படி வந்தது என்று கேட்டால் விடை விஞ்ஞானத்தில் பாதி இருக்கிறது. மீதி பாதி தர்மத்தில் இருக்கிறது.

பெயர் கொடுத்த துரை

வில்லியம் டாலி என்ற ஆங்கில ராணுவ அதிகாரி 1775-ல் இந்தப் பழைய கங்கைத் தடத்தைத் தூர் வாரத் தொடங்கினார். கரியா வரை இருந்த தடத்தை அங்கிருந்து கிழக்கே வெட்டி, வித்யாதரி நதியோடு இணைத்தார். 1777-ல் படகுகள் ஓடின. கிழக்கு வங்காளத்துச் சரக்கு சுந்தரவனம் வழியே கல்கத்தாவுக்கு வர வழி பிறந்தது. போகும் வரும் படகுகளிடம் சுங்கம் வசூலிக்கும் உரிமை டாலிக்குக் கிடைத்தது. கரையில் அவர் அமைத்த சந்தை, அதாவது கஞ்ச், அவர் பெயரால் டாலிகஞ்ச் ஆயிற்று.

தமிழ்நாட்டோடும் இந்த இடத்துக்கு ஒரு பழைய சம்பந்தம் உண்டு. 1806-ல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பிறகு, அங்கே வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் குடும்பத்தார் கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டு, டாலிகஞ்ச் பகுதியில்தான் குடியமர்த்தப்பட்டார்கள். திப்புவின் மகன் குலாம் முகமது கட்டிய மசூதி இன்றும் டாலிகஞ்சில் இருக்கிறது. வேலூரிலிருந்து அன்று பலவந்தமாக வந்தவர்களுக்கும், வேலை தேடி இன்று வந்திருப்பவர்களுக்கும் இந்த நாலாதான் அண்டை வீட்டுக்காரன்.

டாலி செய்தது லாபத்துக்கான வேலைதான். ஆனாலும் அதில் ஒரு புத்திசாலித்தனம் இருந்தது. நதி எந்த வழியில் ஓட விரும்பியதோ அதே வழியை அவர் பின்பற்றினார். இயற்கை போட்ட தடத்தைப் பார்த்துச் செய்த யுக்தி அது. இயற்கையைப் பார்த்துக் கற்பது என்பது இன்று உலகெங்கும் பெரிய துறையாக வளர்ந்திருக்கிறது.

பறவையும் முள்ளும் தாமரையும்

ஜப்பானில் அதிவேக ரயில் சுரங்கப்பாதையிலிருந்து வெளியேறும்போதெல்லாம் வெடிச் சத்தம் போல ஓசை எழுந்தது. அக்கம்பக்கத்தார் தூக்கம் கெட்டது. எய்ஜி நகாத்ஸு என்ற ரயில்வே பொறியாளர் பறவைகளைப் பார்ப்பதில் பிரியமுள்ளவர். காற்றிலிருந்து தண்ணீருக்குள் அலை எழுப்பாமல் பாயும் மீன்கொத்தியின் அலகை அவர் கவனித்தார். ரயிலின் முகத்தை அந்த அலகைப் போல நீட்டி வடிவமைத்தார்கள். 1997-ல் ஓடத் தொடங்கிய அந்த ரயிலில் ஓசை அடங்கியது, வேகம் கூடியது, மின்சாரமும் மிச்சமாயிற்று.

வயல்வரப்பில் நடந்து வந்தால் வேட்டியில் நாயுருவி ஒட்டிக்கொள்ளும், உதறிவிட்டுப் போவோம். சுவிட்சர்லாந்தில் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் என்பவர் 1941-ல் தம் நாயின் மேல் ஒட்டிய இதே போன்ற ஒரு முள்காயை உதறவில்லை. பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். நுனியில் கொக்கிகள் இருந்தன. செருப்பிலும் பையிலும் நாம் ‘சர்’ரென்று பிரிக்கும் ஒட்டுப்பட்டை அப்படிப் பிறந்தது.

‘தாமரை இலைத் தண்ணீர் போல’ என்று பற்றற்ற வாழ்வுக்கு உவமை சொல்லாத தமிழ்ப் பாட்டி இல்லை. அந்த இலையில் நீர் ஏன் ஒட்டுவதில்லை என்பதை ஜெர்மனியின் வில்ஹெல்ம் பார்த்லாட் மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்து விளக்கினார். இலையின் மேல் மெழுகு பூசிய நுண்ணிய மேடுகள். நீர்த்துளி அவற்றின் முனையில் மட்டுமே நின்று, அழுக்கைச் சுருட்டிக்கொண்டு உருண்டு ஓடிவிடுகிறது. அந்தப் பாடத்தை வைத்துத் தம்மைத் தாமே சுத்தம் செய்துகொள்ளும் சாயங்கள் வந்தன. ‘தாமரை விளைவு’ என்பதே வியாபார முத்திரைப் பெயராகவும் பதிவாயிற்று.

இவற்றில் யாருக்கும் நஷ்டமில்லை என்று தோன்றும். மீன்கொத்தி தன் அலகை இழக்கவில்லை. தாமரை தன் இலையை இழக்கவில்லை. ஆனால் குருவிடம் வித்தை கற்றவன் தட்சிணை வைக்க வேண்டும் என்பது இந்த நாட்டு மரபு. ஆற்றைப் பார்த்துக் கற்றவன் ஆற்றைச் சாக விடலாமா? காலங்காலமாக அந்த ஆற்றைக் காத்தவனைக் கரையிலிருந்து விரட்டலாமா? கற்றது அனைவருக்கும் பொதுவா, முதலில் பதிவு செய்தவனுக்கு மட்டும் சொந்தமா? இந்தக் கேள்விகளை விஞ்ஞானம் மட்டும் தீர்த்துவிட முடியாது.

கண்ணைப் பார்த்துச் செய்த கருவி

பதிவு செய்தவனுக்கே சொந்தமா என்ற கேள்விக்குக் கல்கத்தா நூறு ஆண்டுக்கு முன்பே ஒரு பதில் சொல்லியிருக்கிறது. சொன்னவர் ஜகதீச சந்திர போஸ். கம்பியில்லாத் தந்தி அலைகளைப் பிடிக்க அவர் ஈயத் தாதுக் கல்லால் ஒரு கருவி செய்தார். கண்ணின் விழித்திரை ஒளியை உணர்வது போல இது அலைகளை உணரும் என்பதால், அதைச் ‘செயற்கை விழித்திரை’ என்றே அழைத்தார். உயிருள்ள உறுப்பை ஒப்பிட்டுச் செய்த யந்திரம் அது.

அதற்குப் பேட்டன்ட் வாங்கிப் பணம் பண்ணுவதில் போஸுக்கு விருப்பமில்லை. நண்பர்களின் வற்புறுத்தலால் 1901-ல் அமெரிக்காவில் விண்ணப்பம் போடப்பட்டு 1904-ல் உரிமை கிடைத்தது. அவரோ அதைப் பயன்படுத்தாமலே காலாவதியாக விட்டுவிட்டார். 1917-ல் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்து வைத்தபோது, அங்கே கண்டறியப்படுவது எதற்கும் பேட்டன்ட் வாங்குவதில்லை, அது உலகத்தின் பொதுச் சொத்து என்று அறிவித்தார்.

எல்லோரும் போஸ் அல்லவே. 1994-ல் வேப்ப எண்ணெயிலிருந்து பூஞ்சைக் கொல்லி தயாரிக்கும் முறைக்கு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் ஓர் அமெரிக்கக் கம்பெனிக்கும் அமெரிக்க விவசாயத் துறைக்கும் சேர்த்து உரிமை வழங்கியது. நம் கொல்லையில் நிற்கும் வேப்பமரம்! இந்தியாவிலிருந்து எதிர்ப்புக் கிளம்பி வழக்காடிய பிறகு 2000-ல் அந்த உரிமை ரத்தாயிற்று. மேல் முறையீடும் 2005-ல் தள்ளுபடியாயிற்று. காயத்துக்கு மஞ்சள் பூசும் முறைக்கு 1995-ல் அமெரிக்காவில் வழங்கிய உரிமையும், இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தின் ஆட்சேபத்தால் 1997-ல் ரத்தாயிற்று.

தட்சிணை கொடுத்த கதையும் ஒன்று உண்டு. பொதிகை மலையின் கேரளச் சரிவில் விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டிகளாகச் சென்ற காணிப் பழங்குடியினர், களைப்புத் தெரியாமல் மலையேறினார்கள். அவர்கள் மென்ற ஒரு செடியின் காயே அதற்குக் காரணம். அந்தச் செடியிலிருந்து திருவனந்தபுரம் அருகே உள்ள தாவர ஆராய்ச்சி நிலையம் ‘ஜீவனி’ என்ற மருந்தைத் தயாரித்தது. கோயம்புத்தூர் ஆயுர்வேதக் கம்பெனி ஒன்று அதற்கான உரிமையைப் பெற்றபோது, கிடைத்த தொகையில் பாதி காணி மக்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. நடைமுறையில் சிக்கல்கள் வந்தன என்றாலும், வழிகாட்டியவனுக்கும் பங்கு உண்டு என்ற கொள்கையை அது நிலைநாட்டியது. 2002-ல் இந்தியா கொண்டுவந்த பல்லுயிர்ச் சட்டமும் இதே கொள்கையைச் சொல்கிறது. அதை நிர்வகிக்கும் தேசிய ஆணையத்தின் தலைமையகம் சென்னையில் இருக்கிறது.

மருந்துச் செடிக்குச் சட்டம் வந்துவிட்டது. ஒரு நகரத்தின் சாக்கடையைச் சுத்தம் செய்யும் வித்தைக்கு?

சாக்கடையில் விளையும் மீன்

டாலி தம் கால்வாயைக் கொண்டுபோய் இணைத்த வித்யாதரி நதி, வண்டல் சேர்ந்து மெல்ல மெல்ல இறந்தது. 1928-ல் அது செத்த நதி என்றே அரசு அறிவித்தது. அதன் ஓதநீர் ஏறி இறங்கிய உப்பு ஏரிகளில் உப்புநீர் வரத்து நின்றுபோயிற்று. அங்கே மீன் வளர்த்துப் பிழைத்தவர்கள் திகைத்தார்கள். நகரத்திலிருந்து வந்த நீரோ கழிவுநீர் மட்டுமே.

அவர்கள் அந்தக் கழிவுநீரையே குளத்தில் விட்டுப் பார்த்தார்கள். பொறியியல் பட்டம் பெற்றவர் அவர்களில் யாருமில்லை. குளத்தையும் மீனையும் பார்த்துப் பார்த்துக் கற்றார்கள். தலைமுறை தலைமுறையாக வளர்ந்த அந்த வித்தைதான் இன்று கிழக்குக் கல்கத்தா சதுப்பு நிலம் என்று உலகம் அறியும் 12,500 ஹெக்டேர். அங்கே ‘பேரி’ என்று சொல்லப்படும் மீன் பண்ணைக் குளங்கள் சுமார் 250.

வேலை நடக்கும் விதம் இது. குளிர்காலத்தில் பேரியின் நீரை வடித்து, சேற்றை அள்ளி, அடிமண்ணை வெயிலில் காயவிட்டு உழுகிறார்கள். பிறகு மதகைத் திறந்து கழிவுநீரை அளவாக விடுகிறார்கள். ஆழம் அதிகமில்லை, முழங்காலுக்கு மேல், நெஞ்சுக்குக் கீழ். அதனால் சூரிய ஒளி அடிவரை இறங்குகிறது. கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கின்றன. சிதைந்ததில் கிடைக்கும் சத்தை உண்டு பாசி பெருகுகிறது. பாசி பகலெல்லாம் பிராணவாயுவை வெளியிடுகிறது. அது நுண்ணுயிர்களுக்கும் மீனுக்கும் மூச்சாகிறது. நோய்க் கிருமிகள் வெயிலில் மடிகின்றன. பாசி அளவுக்கு மீறினால் நீர் கெட்டுவிடும், அதற்குத்தான் மீன். ரோகு, கட்லா, மிருகால், ஜிலேபிக் கெண்டை ஆகியவை பாசியையும் நுண்பூச்சிகளையும் தின்று கொழுக்கின்றன. கரையோரம் கட்டி வைக்கும் ஆகாயத்தாமரை அலை மோதிக் கரை கரையாமல் காக்கிறது. நீரிலுள்ள உலோக நஞ்சில் ஒரு பகுதியையும் வேரில் இழுத்துக்கொள்கிறது.

நீர் பழுத்துவிட்டதா என்பதை அங்குள்ள தொழிலாளி நிறத்தையும் வாடையையும் கொண்டு சொல்லிவிடுவான். முதலில் சில மீன்களை மட்டும் விட்டுப் பார்க்கிறார்கள்; அவை பிழைத்தால்தான் மற்றவை. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தால், கழிவு கூடிவிட்டது, மதகை மூடு என்று பொருள். மீட்டரும் இல்லை, மின்சாரமும் இல்லை. மற்ற நகரங்கள் கோடிக்கணக்கில் செலவழித்துக் காற்றடிக்கும் மோட்டார்களை வைத்துச் செய்யும் வேலையை, இங்கே வெயிலும் பாசியும் மீனும் செய்துவிடுகின்றன. அருகே தாபாவில் நகரத்துக் குப்பை உரத்தாலும் இந்த நீராலும் காலிபிளவரும் கீரையும் கத்தரியும் விளைகின்றன. கல்கத்தா சந்தைகளில் காய் வாங்கும் நம் குடும்பங்களின் கூடையிலும் அதில் ஒரு பங்கு சேர்கிறது.

இது எதுவும் அரசுக்குத் தெரியாமலே நடந்துகொண்டிருந்தது. 1980-களின் தொடக்கத்தில் மேற்கு வங்க அரசின் பொறியாளர் துருவஜோதி கோஷ், நகரத்தின் கழிவுநீர் கடைசியில் என்னவாகிறது என்று கண்டறியப் புறப்பட்டார். கால்வாயைப் பின்தொடர்ந்து போனவர், கறுப்பு நீர் உள்ளே சென்று பச்சை நீராகி, மீனைக் கொடுத்துவிட்டு வெளியேறுவதைக் கண்டு வியந்தார். அந்தக் குளங்களின் எல்லையை வரைபடமாக்கியவர் அவரே. 2018-ல் காலமாகும் வரை அந்த மீனவர்களையே தம் ஆசிரியர்கள் என்று மதித்தார்.

படித்தவர்கள் பாமரனின் அறிவை அறிவாகவே ஏற்க மறுப்பதை அவர் அறிவுலகத்துத் தீண்டாமை என்ற பொருள்படக் கண்டித்தார். அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு. நாணலும் பாசியும் கொண்டு கழிவுநீரைச் சுத்தம் செய்யும் முறையை மேலைநாட்டு ஆராய்ச்சியாளர்களும் கண்டறிந்தார்கள். ஜெர்மனியில் 1950-களில் கேட்டே ஸைடல் அம்மையார் நாணலை வைத்துச் சோதனை செய்தார். அமெரிக்காவில் ஜான் டாட் தொட்டி தொட்டியாகச் செடியும் மீனும் வைத்து ‘உயிருள்ள யந்திரம்’ என்று பெயரிட்டார். அவர்களுக்கு உரிய பாராட்டு கிடைத்தது, கிடைக்க வேண்டியதே. ஆனால் அதே வித்தையை ஆயிரக்கணக்கான ஏக்கரில் நடத்திக் காட்டிய கல்கத்தா மீனவனுக்குக் கிடைத்தது என்ன? அவன் காலடி நிலத்துக்கு விலை பேசப்பட்டது.

கட்டைவிரல் கேட்ட சீடன்

1962-ல் தொடங்கி உப்பு ஏரியின் ஒரு பகுதியில் ஹூக்ளி நதியின் வண்டலைக் குழாய் வழியே கொண்டுவந்து கொட்டி, நகரம் ஒன்று எழுப்பப்பட்டது. அதுவே இன்றைய ஸால்ட் லேக். பிரிவினையால் திணறிய நகரத்துக்கு இடம் தேவைப்பட்டது உண்மை. ஆனால் மண்ணுக்கடியில் போன குளங்கள் திரும்பவில்லை. பின்னர் சதுப்பு நிலத்தில் உலக வர்த்தக மையம் கட்டத் திட்டம் வந்தது. ஒரு பொதுநலச் சங்கம் வழக்குப் போட்டது. 1992-ல் நீதிபதி உமேஷ் சந்திர பானர்ஜி, சதுப்பு நிலத்தின் பயன்பாட்டை மாற்றக்கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பளித்தார். 2002 ஆகஸ்டில் அது ராம்ஸார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலமாயிற்று. 2006-ல் தனிச் சட்டமும் வந்தது. அதற்குப் பிறகும் ஆக்கிரமிப்புப் புகார்கள் ஓயவில்லை.

துரோணர் ஏகலைவனிடம் கட்டைவிரலைக் கேட்டார். அது குரு சீடனிடம் கேட்டது. இங்கே கதை தலைகீழ். வித்தையைக் கற்றுப் பயனும் பெற்ற நகரம், குருவிடமே கட்டைவிரலைக் கேட்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இயற்கையின் வித்தைக்கு எல்லை உண்டு. மனிதக் கழிவைப் பாசி தின்னும், குரோமியத்தைத் தின்னாது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு கலந்தால் அந்த நஞ்சு சேற்றிலும் காயிலும் மீனிலும் தங்கிவிடும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டையிலிருந்து வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாலாற்றின் கதி அவர்கள் கண்டதுதான். 1996-ல் உச்ச நீதிமன்றம் ஒரே ஆண்டில் இரண்டு தீர்ப்புகள் வழங்கியது. ஒன்று வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகளைப் பற்றியது. மற்றொன்று கல்கத்தாத் தோல் தொழிற்சாலைகளை நகருக்கு வெளியே பந்தலாவுக்கு மாற்றச் சொன்னது. இயற்கை சுத்தம் செய்துவிடும் என்ற சாக்கில் எதையும் கொட்டலாம் என்பது குருவின் பொறுமையைச் சோதிப்பதாகும். கெடுத்தவனே செலவு கொடுக்க வேண்டும் என்று வேலூர் வழக்கின் தீர்ப்பு தெளிவாகவே சொல்லியது.

மீண்டும் டாலிகஞ்சுக்கு

கிழக்கே இப்படி என்றால், மேற்கே டாலி நாலாவுக்கு என்ன நேர்ந்தது? நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளாக இரு கரையின் சாக்கடைகளும் அதில் இறங்கின. படகுப் போக்குவரத்து ஓய்ந்தது. டாலிகஞ்ச் வரை 1986-ல் வந்து நின்ற மெட்ரோ ரயிலை தெற்கே நீட்ட முடிவானபோது, வீடுகளை இடிக்காமல் பாதை போட நாலாவே வசதியான இடமாகத் தெரிந்தது. 2001-ல் கரையோரக் குடிசைகள் எதிர்ப்புக்கிடையே அகற்றப்பட்டன. நதியின் நடுவிலேயே முந்நூறு அளவில் தூண்கள் இறங்கின. 2009-லும் 2010-லும் அந்தப் பாதையில் ரயில் ஓடத் தொடங்கியது.

அந்த ரயிலால் பயன்பெறுவோர் லட்சக்கணக்கானவர்கள். நம்மவர்களும் அதில் அடக்கம். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் தொங்கியவனுக்கு அந்த ரயில் வரப்பிரசாதம். ஆகவே ரயிலே தவறு என்று சொல்வது நேர்மையாகாது. ஆனால் நதியை நதியாக நினைத்திருந்தால் தூண் எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்வி முதலிலேயே எழுந்திருக்கும். வெறும் காலி மனையாக நினைத்ததால் எழவில்லை. டாலி நதியின் தடத்தைப் பார்த்துக் கற்றார். பின்வந்தவர்கள் அந்தத் தடத்தில் இடம் மட்டுமே பார்த்தார்கள். 2023-ல் ஆதி கங்கையை மீட்கச் சுமார் 650 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. தட்சிணையை உரிய காலத்தில் வைக்காவிட்டால் வட்டியோடு வைக்க நேரும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ஏரிப்பட்டி சொல்லும் நியாயம்

வித்தை கற்றவன் இயற்கைக்கு என்ன திருப்பித் தர வேண்டும் என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே விடை இருந்தது. மழைநீர் பள்ளம் தேடி ஓடுவதைப் பார்த்துத்தான் நம்மவர்கள் ஏரிகளை வெட்டினார்கள். ஒன்றின் மிச்சம் அடுத்ததில் விழும்படி சங்கிலியாக அமைத்தார்கள். அதோடு நிற்கவில்லை. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் ‘ஏரி வாரியம்’ என்று தனி வாரியத்தையே குறிக்கின்றன. ஏரியைத் தூர் வாரவும் கரை கட்டவும் என்று விளைநிலத்தில் ஒரு பகுதியின் வருமானத்தை ஒதுக்கினார்கள். அதற்கு ‘ஏரிப்பட்டி’ என்று பெயர். மதகைத் திறந்து மூடி நீரைப் பங்கிட்ட நீர்க்கட்டிக்கு ஒவ்வொரு அறுவடையிலும் களத்திலேயே நெல் அளந்தார்கள்.

இதில் அடங்கியிருக்கும் நியாயம் எளிது. இயற்கையின் வித்தையால் வந்த விளைச்சலில் ஒரு பங்கு அந்த இயற்கைக்கே திரும்ப வேண்டும். இன்னொரு பங்கு அதைக் காப்பவன் வீட்டுக்குப் போக வேண்டும். மீதியை மற்றவர்கள் உண்ணலாம்.

அந்த நியாயத்தை நாமே மறந்தோம் என்பதும் உண்மை. சென்னையின் வெள்ளநீரை வாங்கிக்கொள்ளும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் குப்பை மலை எழுந்தது, கட்டடங்கள் முளைத்தன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தென்சென்னை தத்தளித்தபோதுதான் சதுப்பு நிலம் என்ற சொல்லே பலருக்கு ஞாபகம் வந்தது. 2022-ல் பள்ளிக்கரணையும் ராம்ஸார் பட்டியலில் சேர்ந்தது. கிழக்குக் கல்கத்தாவுக்குத் தம்பி போல, இருபது ஆண்டு பிந்தி.

நம்மால் ஆவது

இதில் சம்பளக்காரக் குமாஸ்தா செய்ய என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஒன்று நிச்சயம் இருக்கிறது. கல்கத்தாவில் பத்து இருபது ஆண்டு உழைத்தபின் டாலிகஞ்ச், கரியா பக்கம் ஒரு பிளாட் வாங்கிவிட வேண்டும் என்பது நம்மவர் பலரின் ஆசை. தெற்குக் கல்கத்தா முழுதும் ஒரு காலத்தில் குளங்கள். மேற்கு வங்க உள்நாட்டு மீன்வளச் சட்டப்படி ஐந்து கட்டா, அதாவது நம் கணக்கில் ஒன்றரை கிரவுண்டு, அல்லது அதற்கு மேற்பட்ட நீர்நிலையைத் தூர்ப்பது குற்றம். ஆகவே முன்பணம் கொடுக்குமுன், அந்த மனை பழைய ஆவணத்தில் ‘புகுர்’ என்று, அதாவது குளம் என்று, பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பது புத்திசாலித்தனம். வழக்கில் சிக்காமலிருக்க மட்டுமல்ல; மழைக்காலத்தில் முழங்கால் நீரில் படியேறாமலிருக்கவும்தான். வாங்குபவன் கேட்கத் தொடங்கினால், விற்பவன் குளத்தைத் தூர்க்க யோசிப்பான்.

பூஜை நிர்மால்யத்தை பிளாஸ்டிக் பையில் கட்டி நாலாவில் எறிவதை நிறுத்தலாம். சதுப்பு நிலத்தை மீட்பதாகப் பேச்சு வரும்போது, அங்கே உழைக்கும் மீனவனின் குத்தகையும் கூலியும் என்னவாயிற்று என்றும் கேட்கலாம். குளம் மட்டும் பிழைத்து, அதைக் காத்தவன் வெளியேறினால் வித்தை அவனோடு போய்விடும். நிறம் பார்த்து நீர் பழுத்ததைச் சொல்ல எந்த யந்திரமும் இன்னும் அவனிடம் கற்றுக்கொள்ளவில்லை.

மாலையில் அதே ரயில் டாலிகஞ்சைத் தாண்டித் தெற்கே போகிறது. காய்கறிப் பையில் தாபாவின் காலிபிளவர் இருக்கலாம். அதை விளைவித்த நீர் காலையில் இந்த நகரத்தின் ஏதோ ஒரு வீட்டுத் தொட்டியிலிருந்து இறங்கியதாகவே இருக்கலாம். கீழே தூண்களுக்கிடையே ஆதி கங்கை கறுத்துக் கிடக்கிறது. அதற்குச் சேர வேண்டிய பங்கு இன்னும் பாக்கியிருக்கிறது.